கோல் போஸ்டுக்குப் பின்னால

மார்ச் 3, ஞாயிறு

வயித்தெரிச்சல்னா இதுதான். நம்ம செங்கதிர் ஹாக்கி டீம்ல ஏழு பேரைக் கழட்டி விட்டுட்டான் புதுக் கோச். பேரு ஜெபசிங், தூத்துக்குடிக்காரன், வந்து முழுசா ரெண்டு மாசம் ஆகலை. டீமை அடியிலிருந்து புதுசா கட்டணும்னு சொல்லுதானாம். கட்டட்டும். இருக்கிற சுவரையெல்லாம் இடிச்சிட்டா மழை வந்தா எங்க நிப்பான்னு கேக்க ஆளில்லை.

கோடை முகாம் இன்னைக்குத்தான் ஆரம்பம். ஹைஸ்கூல் கிரவுண்டுக்குப் போனா, எல்லாம் மீசை முளைக்காத பயலுக. ஹாக்கி மட்டையைப் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாத்தா வீடு பெருக்க வந்த மாதிரி இருக்கு. மே மாசம் சித்திரைக் கோப்பைக்கு இதுகளைக் கூட்டிக்கிட்டுப் போயி எந்த மூஞ்சியோட நிக்கிறது?

என் தம்பி வேல்மயிலை மட்டும் இன்னும் தொடலை. தொட்டுருவானா. ஒல்லிப்பிச்சான் காலத்திலிருந்து செங்கதிர் கோல் போஸ்ட்ல அவன்தான் நிக்கான். ஆனா மாரீஸ்வரன்னு ஒரு பத்தொன்பது வயசுப் பயலைப் புதுசா கோலியா கொண்டாந்து நிறுத்தியிருக்கான் கோச். கோப்பைக்கு ரெண்டுல யாருன்னு முகாம் முடியச் சொல்லுவேன்னு கோச் சொல்லியாச்சு. மயிலு அதைக் கேட்டுக்கிட்டே காலில் பேடைக் கட்டினான். அவனுக்குப் பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அந்த ரெண்டு கம்பத்தை விட்டா இந்தச் சண்முகத்தாய் ஒருத்திதான் இருக்கேன்.

மார்ச் 5, செவ்வாய்

நம்ம மாவுக் கடையில் கிரைண்டர் பெல்ட் அறுந்துபோச்சு. மாவு பாக்கெட் பாதிதான் போட முடிஞ்சது. கடைக்கு வந்தவங்க எல்லாரும் என்னமோ நான் கடிச்சு அறுத்த மாதிரி பாத்தாங்க.

மார்ச் 10, ஞாயிறு

சாத்தூர் டீமோட பயிற்சி ஆட்டம். முதல் பாதியில் அஞ்சு கோல் வாங்கினோம். டிஃபன்ஸ்ல நிக்கிற பயலுக பந்து வந்தா வழிவிட்டு நிக்கானுவ. கல்யாண வீட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்றாப்ல. மாரீஸ்வரன் அஞ்சையும் விட்டான். சந்தோஷப்படக் கூடாதுதான். பட்டேன்.

ரெண்டாம் பாதி மயிலு இறங்கினான். நான் எப்பவும் போல கோல் போஸ்டுக்குப் பின்னால, வலையை ஒட்டி உக்காந்துக்கிட்டேன். மூணு வருஷமா அது என் இடம். பக்கத்தில் கோயில்பிள்ளை அண்ணாச்சி. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர், என்னை மாதிரியே ஹாக்கிப் பைத்தியம். பந்து வரும்போதெல்லாம் நான் கத்தினேன். கிரைண்டர் பக்கத்தில் நின்னு பேசிப் பேசி எனக்குத் தொண்டை அப்படி ஆகிப்போச்சு. மயிலு ஒண்ணுகூட உள்ள விடலை.

"தாயி, உன் தொண்டைக்கே ஒரு மெடல் குடுக்கணும்"னாரு அண்ணாச்சி. ரசிகைன்னா கத்தத்தான் செய்வா. அதுக்கு எதுக்கு மெடல்.

மார்ச் 14, வியாழன்

காலையில பால் சட்டியைத் தட்டி விட்டுட்டான் மயிலு. அடுப்பு பூரா பால். தப்பு என்னுதுதான், அவனுக்கு இடது கைப் பக்கம் வச்சிருக்கக் கூடாது. அவசரத்தில் மறந்துட்டேன்.

பைக்கு கண்ணாடியும் போச்சு, இடது பக்கத்துக் கண்ணாடி. கேட் தூணில் உரசிட்டானாம். அந்தத் தூண் எங்க அப்பா காலத்திலிருந்து அதே இடத்தில்தான் நிக்குது. இனிமே கிரவுண்டுக்கு என் டிவிஎஸ்லயே பின்னால உக்காந்து வான்னுட்டேன். பெட்ரோல் மிச்சம்னு சொன்னேன். அவனும் ஆமான்னுட்டான்.

மார்ச் 19, செவ்வாய்

அந்த மாரீஸ்வரன் கடைக்கு வந்தான். மாவு பாக்கெட் ஒண்ணு வேணுமாம். எதிரிக்கு மாவு விக்கக் கூடாதுன்னு சட்டமா இருக்கு, குடுத்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, வந்து அரைக்க நேரமில்லைன்னு சொன்னான். நான் கேக்கவே இல்லை, அவனாத்தான் சொன்னான்.

போகாம நின்னுக்கிட்டு, "அண்ணன் மாதிரி என்னால நிக்க முடியலைக்கா"ன்னான். "அவரு இடது பக்கம் வாற பந்தைத் திரும்பிக்கூட பாக்க மாட்டுக்காரு. பாக்காமலே சரியா பாயுதாரு. அது எப்படிக்கா?"

"பழக்கம்"னு சொன்னேன். மீதிச் சில்லறையை எண்ணாமக் கையில் திணிச்சு, கூட்டம் நிக்குதுடான்னு விரட்டி விட்டேன். கடையில் வேற யாரும் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

அநியாயம். கோல் போஸ்டுக்குப் பின்னால இனிமே யாரும் உக்காரக் கூடாதாம். நேத்துப் பயிற்சியில் ஒரு பந்து வலையைத் தாண்டிப் போயி வாழைப்பழத் தள்ளுவண்டியில் அடிச்சிருச்சாம். பழத்துக்கு அடிபட்டதுக்கு மனுஷங்களுக்குத் தண்டனை. வேடிக்கை பாக்கிறவங்க எல்லாம் எதிர்ப்பக்கம், நடுக்கோட்டுக்கு அங்கிட்டு வேப்பமரத்தடியில் உக்காரணுமாம். அங்க இருந்து பாத்தா கோலி முகம் தெரியும், அவ்வளவுதான்.

நேரா போயி கோச்சைக் கேட்டேன். "அக்கா, உங்க மேல பந்து பட்டா நான்தான் பதில் சொல்லணும்"னான். என் மேல பந்து பட்டா பந்துதான் உடையும்னு சொன்னேன். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அவன் சிரிக்கலை. என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். எனக்கு என்னவோ பிடிக்கலை அந்தப் பார்வை.

மயிலு ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே வச்சிட்டுப் போயிட்டான். பூண்டுக் குழம்பு. அவனுக்குன்னே வச்சது.

மார்ச் 31, ஞாயிறு

எழுதவே மனசில்லை.

நாலு கோல். சாத்தூரோட மறுபடி பயிற்சி ஆட்டம், மயிலு நின்ன பாதியில் நாலு கோல். நான் வேப்பமரத்தடியில் இருந்து வழக்கம்போலத்தான் கத்தினேன், "இடது, இடது"ன்னு. அவன் பாய்ஞ்சான். பந்து வந்தது மறுபக்கம். நான் அவனுக்கு எதிர்முகமா உக்காந்திருக்கேன், என் இடது அவனுக்கு வலதுன்னு இந்த மரமண்டைக்கு உறைக்கவே ரெண்டு கோல் ஆகிப்போச்சு. அப்புறம் மாத்திச் சொல்லப் போயி நாக்கு குழறி, ஒரு பந்து அவன் தோள்பட்டையில் ஓங்கி அடிச்சிருச்சு. கையைத் தூக்க முடியாம நின்னான். சாத்தூர்க்காரனுவ சிரிச்சானுவ.

வண்டியில் வரும்போது பின்னால இருந்து கேட்டான்.

"யக்கா, இடது எது வலது எதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நான் என்ன உன் டீம்லயா ஆடுதேன்? வேடிக்கை பாக்க வந்தவ, வாய்க்கு வந்ததைக் கத்துவேன். நீ பந்தைப் பாத்து ஆட வேண்டியதுதானே."

வீடு வந்து இறங்கும்போது நான் அவன் கையைப் பிடிச்சேன், வாசல்ல குழி இருக்குன்னு. உதறிட்டான்.

ஏப்ரல் 1, திங்கள்

மாவு புளிச்சுப்போச்சு. எல்லாத்தையும் கொட்டினேன்.

ஏப்ரல் 4, வியாழன்

மயிலு கோச்சோட சண்டை போட்டிருக்கான். எனக்கு ஒரு ஆட்டம் முழுசா குடு, சனங்க பழைய இடத்தில் உக்காரட்டும், அதில் கோல் வாங்கினா நானே போயிருதேன்னு சொல்லியிருக்கான். கழட்டி விட்ட ஏழு பேரும் அவனுக்காகப் பேசியிருக்காங்க. சித்திரை ஒண்ணாம் தேதி சாத்தூரோட கடைசிப் பயிற்சி ஆட்டம். அதில் முழு ஆட்டமும் மயிலு.

எனக்குச் சந்தோஷம். சாயங்காலம் வரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

கடை அடைக்கிற நேரத்துக்குக் கோச் வந்தான். இட்லி மாவு வாங்க வந்த மாதிரி நின்னான், வாங்கலை.

"அக்கா, போன மாசம் பூரா உங்களைக் கவனிச்சேன். நீங்க இடது மட்டும்தான் கத்துதீங்க. வலது பக்கம் எத்தனையோ பந்து வந்துச்சு, ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை."

நான் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கிட்டு இருந்தேன். ஏற்கெனவே கழுவின கல்.

"சித்திரை ஒண்ணு அன்னைக்கு நீங்க பின்னால உக்காந்து கத்துங்க. அண்ணன் எல்லாத்தையும் புடிப்பாரு. அவரைத் தள்ள எனக்குக் காரணமே இருக்காது. கோப்பைக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன். ஆனா அங்க கூட்டம் போடுற சத்தத்தில் உங்க குரல் கேக்குமான்னு எனக்குத் தெரியாது. அவருக்கு இருக்கிற நல்ல கண்ணுல ஒரு பந்து பட்டா..."

"என் தம்பி கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ தூத்துக்குடியில் யாரையாவது போயி நொட்டை சொல்லு"ன்னு கத்தி விரட்டிட்டேன். போகும்போது, வாறேன்க்கான்னு சொல்லிட்டுத்தான் போனான். மரியாதை தெரிஞ்சவன். அதான் எரிச்சல்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மயிலுக்கு இடது கண்ணு கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான். மூணு வருஷம் முந்தி பயிற்சியில் தண்ணி குடிக்க ஹெல்மெட்டைக் கழட்டினப்ப, எவனோ அடிச்ச பந்து இடது கண்ணுல பட்டுச்சு. வீங்கி, வடிஞ்சு, சரியாப்போச்சு. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் குடுத்து, மாசாமாசம் வந்து காட்டணும்னாரு. வலி நின்னதும் மருந்தையும் நிறுத்திட்டோம். வெளிய தெரிஞ்சா டீம்ல வைக்க மாட்டாங்கன்னு அவன் சொன்னான். நான் சரின்னேன். அடுத்த வாரத்திலிருந்து வலையை ஒட்டி உக்கார ஆரம்பிச்சேன்.

இன்னைக்குக் காலையில அவன் சாப்பிடும்போது தண்ணி டம்ளரை வேணும்னே அவனுக்கு இடது பக்கமா வச்சேன். மூணாவது இட்லியில் விக்கல் எடுத்துச்சு. தண்ணின்னான். டம்ளர் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கு. தண்ணி, தண்ணின்னு கையால தரையைத் துழாவுதான்.

மங்கல் இல்லை.

டம்ளரை எடுத்து வலது பக்கம் வச்சேன். "இங்கதானே வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா"ன்னு கேட்டேன். வாயில அப்படித்தான் வந்துச்சு. அவன் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போனான்.

ஏப்ரல் 13, சனி

மாங்காய் வாங்கியாச்சு. வேப்பம்பூ அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்துச்சு. ஜெர்ஸியைத் துவைச்சுப் போட்டேன். மயிலு வந்து, "நாளைக்கு வலைக்கு இடது மூலையில் உக்காருக்கா, சத்தம் தெளிவா கேக்கும்"னான்.

இத்தனை வருஷத்தில் இதை நாங்க வாய்விட்டுப் பேசினதே கிடையாது. சரிடான்னேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. பாயசம் வச்சேன். யாரும் குடிக்கலை.

நடந்ததை நடந்தபடி எழுதுதேன்.

முதல் பாதி பூரா கத்தினேன். "இடது, இடது, கீழ இடது." மயிலு ஒண்ணையும் விடலை. ஊர்ச் சனம் விசில் அடிச்சுச்சு. கழட்டி விட்ட ஏழு பேரும் கோச் காதுல விழுற மாதிரி கைதட்டினாங்க. நம்ம முன்கள ஆளுங்க வழக்கம்போல வெட்டவெளியில் பந்தைத் தேடிக்கிட்டு இருந்தானுவ. அது வேற கதை.

ரெண்டாம் பாதிக்குப் பக்கம் மாறினதும் அந்த வலைக்குப் பின்னால போயி உக்காந்தேன், அப்பத்தான் அதைக் கவனிச்சேன். பந்து எங்க இருந்தாலும் மயிலு முகத்தை இடது பக்கமாத் திருப்பி வச்சிருக்கான், வலது கண்ணை முன்னால குடுத்துக்கிட்டு. முன்னாடியெல்லாம் இவ்வளவு இல்லை. சாத்தூர்க்காரன் ஒருத்தன் பக்கத்தில் இருந்து ஓங்கி அடிச்சான். பந்து நேரா ஹெல்மெட் கம்பியில் போயி அடிச்சுச்சு, வலது கண்ணுக்கு நேரா. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அம்பயர் விசில் ஊதி ஓடி வந்தாரு. மயிலு ஹெல்மெட்டைக் கழட்டினான், கம்பி உள்பக்கமா வளைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் வளைஞ்சிருந்தா. அவன் சிரிச்சுக்கிட்டே எனக்குக் கட்டைவிரலைக் காட்டிட்டு, வேற ஹெல்மெட் வாங்கி மாட்டினான்.

கட்டைவிரலைக் காட்டினானே, அது நான் உக்காந்திருந்த பக்கம் இல்லை. அது வலது மூலை, அங்க அண்ணாச்சிதான் இருந்தாரு.

அடுத்தது சாத்தூருக்குப் பெனால்டி கார்னர். பந்து இடது பக்கம் போகுதுன்னு சாத்தூர்க்காரன் மட்டையைத் திருப்பும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முந்தானையை வாயில் திணிச்சுக்கிட்டேன்.

மயிலு அசையவே இல்லை. பந்து கோல் பலகையில் அடிச்சு நின்ன பிறகுதான் திரும்பினான். "என்ன தாயி, கத்தலையா?"ன்னு அந்த மூலையிலிருந்து கேட்டாரு அண்ணாச்சி. ரெண்டாவதும் இடது. அதுக்கும் கத்தலை. மூணாவது பந்து மெதுவாத்தான் வந்துச்சு, சின்னப் பிள்ளை தடுக்கிற பந்து. அவன் நேராப் பாத்துக்கிட்டு நிக்கான், பந்து அவன் காலுக்குப் பக்கத்தில் உருண்டு உள்ள போகுது. ஊரே பாத்துச்சு.

அவன் வலைக்கிட்ட வந்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, என்னைத் தேடினான். தேடிக் கண்டுபிடிச்சான். கிளவுஸைக் கழட்டி மாரீஸ்வரன் கையில் குடுத்துட்டுப் போயிட்டான்.

நான் வண்டியை எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் தேடினேன். அவன் நடந்தே வீட்டுக்கு வந்திருந்தான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பேசலை. பரோட்டா கடையில் வாங்கிச் சாப்பிடுதான்.

ஏப்ரல் 18, வியாழன்

பேசலை. கோச் வந்தான். மயிலு கதவைத் திறக்கலை. நான் கோச்சுக்கு மோர் குடுத்தேன். அவன் டம்ளரைக் கீழ வச்சிட்டு, "உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்"னான். உனக்கென்னடா தெரியும்னு கேட்டேன். அழுதுட்டேன். அந்நிய ஆம்பளை முன்னால அழுறவ இல்லை நான்.

ஏப்ரல் 22, திங்கள்

காலையில மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன். பின்னால வந்து நின்னான். கிரைண்டர் சத்தத்தில் அவன் சொன்னது கேக்கலை. ஆஃப் பண்ணினேன்.

"உப்பு போட்டியான்னு கேட்டேன்."

போடலைன்னேன். அவனே அள்ளிப் போட்டான். கையைக் கழுவிக்கிட்டே, "மதுரையில் எந்த ஆஸ்பத்திரி நல்லாருக்கும்?"னான்.

ஏப்ரல் 26, வெள்ளி

மதுரை போயிட்டு வந்தாச்சு. காலையில போனது, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விட்டாங்க. கண்ணுல மருந்தை ஊத்தி ஊத்தி, மிஷினுக்கு மிஷின் மாத்தி உக்கார வச்சு.

டாக்டர் அம்மா சின்ன வயசு. திட்டினா பெரிய மனுஷி மாதிரி திட்டுது. இடது கண்ணுல அழுத்தம் கூடி உள்நரம்பு பட்டுப்போச்சாம். போன பார்வை போனதுதான், திரும்பாது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கு, மருந்து விட்டா அது நிக்கும். வலது கண்ணு நல்லாருக்கு, அதைப் பொத்திப் பாத்துக்கிடணும்னு சொல்லுச்சு.

"இத்தனை நாளா வீட்டில் யாரும் கவனிக்கலையா?"ன்னு என்னைப் பாத்துக் கேட்டுச்சு.

நான் வாயைத் திறக்கும் முன்னாடி மயிலு சொன்னான், "அக்காவுக்குத் தெரியாது டாக்டர். நான்தான் மறைச்சேன்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவனை உக்கார வச்சேன். கண்ணு கூசுதுன்னு துண்டைப் போத்திக்கிட்டான். துண்டுக்குள்ள அழுதானா தூங்கினானான்னு எனக்குத் தெரியலை.

மே 4, சனி

சொட்டு மருந்து காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. நான் ஊத்தினா கன்னத்திலதான் விழுது. அதுக்கும் ஒரு சண்டை.

டீம் விவரம் போட்டுட்டாங்க. கோலி மாரீஸ்வரன். முன்கள ஆளுங்க அதே தண்டங்கள்தான். மாரீஸ்வரன் கடைக்கு வந்து, "அண்ணன் ஆட்டத்துக்கு வருவாராக்கா?"ன்னான். அவனைப் போயிக் கேளுன்னேன். கேக்கப் பயந்துக்கிட்டு ஓடிட்டான். ஒரு பாக்கெட் மாவு சும்மா குடுத்து விட்டேன்.

மே 12, ஞாயிறு

சித்திரைக் கோப்பை முதல் ஆட்டம். கிளம்பும்போது மயிலு வரலைன்னான். சரின்னு வண்டியை எடுத்தேன். தெருமுனை தாண்டும்போது பின்னால ஓடி வந்து ஏறினான். ஜெர்ஸி போடலை, வெள்ளைச் சட்டை.

கோல் போஸ்டுக்குப் பின்னால கேலரி போட்டிருந்தாங்க. சரியான கூட்டம். அண்ணாச்சி எங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தாரு. நான் மயிலுக்கு இடது பக்கமாப் போயி உக்காந்தேன். அவன் கொஞ்சம் நகந்து இடம் விட்டான்.

ஆட்டத்தைப் பத்தி என்னத்தைச் சொல்ல. கட்டுதானுவ, கட்டுதானுவ, இன்னும் அஸ்திவாரமே முடியலை. கிடைச்ச மூணு பெனால்டி கார்னரையும் ஆகாசத்துக்கு அனுப்பினானுவ. எப்படியோ ஒரு கோல் போட்டு, ஒரு கோல் வாங்கி, சமமா நின்னுச்சு. மாரீஸ்வரன் ஒண்ணு ரெண்டு நல்லாவே தடுத்தான். கத்தணும்னு என் வாய் துறுதுறுன்னு வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முடியப் போற நேரம் எதிர் டீமுக்குப் பெனால்டி கார்னர். கேலரியே எந்திரிச்சு நின்னுச்சு. மயிலும் எந்திரிச்சான். அடிச்ச சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரே புழுதி, ஒரே கூச்சல். முன்னால ஆளுக மறைக்க, அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். சுத்தி அண்ணாச்சி, கழட்டி விட்ட ஏழு பேர்ல நாலு பேர், ஊர்க்காரங்க, எல்லாரும் நிக்காங்க.

அவன் என் தோளைப் பிடிச்சான்.

"யக்கா, பந்து எங்க போச்சு? எனக்குத் தெரியலை."

எல்லாருக்கும் கேக்கிற மாதிரித்தான் கேட்டான்.

"இடது பக்கம்தான் போச்சு. பய புடிச்சிட்டான்"னு சொன்னேன். கத்தலை. பக்கத்தில் நிக்கிறவனுக்கு எதுக்குக் கத்தணும்.